சொந்தத்துக்கு எழுபது புள்ளி

கிள்ளானில் நாகையாவின் வீட்டு முன்கூடத்துச் சுவரில் மூன்று ஆண்டுகளாக ஓர் ஆணி வெறுமனே நின்றது. அதில் காலண்டர் மாட்டக்கூட அவர் யாரையும் விடவில்லை. போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டியே இருபத்தாறு ஆண்டுகள் முதுகைத் தேய்த்தவர் அவர். மகள் லோகேஸ்வரிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று சுத்தியலை எடுத்து அந்த ஆணியை அடித்தார். அங்கியும் சதுரத் தொப்பியுமாக அவள் நிற்கும் படம் அதில் தொங்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் அங்கி போட்டதில்லை.

வருகிறவர்கள் ஆணியைப் பார்த்து, "என்னண்ணே, சாமி படம் விழுந்திருச்சா?" என்று கேட்பார்கள்.

"பட்டம் வரப்போவுது," என்பார் நாகையா.

சொன்ன சொல். கிள்ளானில் பாதிப் பேருக்கு அது தெரியும். ஆகவே, வணிக நிர்வாகப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறியிருந்த லோகேஸ்வரிக்குக் கடைசிப் பருவத்தில், "நீங்கள் இக்கல்லூரியைச் சேர்ந்தவர் என்பது ஐயத்துக்கு உரியதாக உள்ளது, எனவே பட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது" என்று கடிதம் வந்தபோது, அவள் அதை நான்காக மடித்துப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

கல்லூரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் மொந்தேரோ கல்லூரி, சேசு சபைத் துறவிகள் நடத்துவது. நடத்தியது என்று சொல்வதே சரி. ஒரு காலத்தில் அங்கே பதினேழு துறவிகள் இருந்தார்கள். இப்போது ஒருவர் இருக்கிறார். மற்றப் பதினாறு பேர் பார்த்த வேலையை நாற்பத்து மூன்று அலுவலர்கள் பார்க்கிறார்கள். துறவிகள் விட்டுச்சென்ற லத்தீன் சொற்கள் சிலவற்றை இவர்கள் தூசி தட்டி, கண்ணாடி போட்டு, மின்தூக்கிக்குள் மாட்டி வைத்திருக்கிறார்கள். மின்தூக்கி அடிக்கடி நின்றுவிடுவதால் மாணவர்கள் அவற்றை நன்றாகவே மனப்பாடம் செய்திருந்தார்கள்.

அந்தச் சொற்களுக்கு உரை சொல்லும் பொறுப்பு சொந்த உணர்வு அலுவலகத்தின் தலைவர் விமலனுடையது. இதற்குமுன் அவர் ஒரு பேரங்காடியில் வாடிக்கையாளர் அட்டைத் திட்டத்தை நடத்தியவர். சாமான் வாங்க வாங்கப் புள்ளி ஏறும். புள்ளி ஏற ஏற பிளாஸ்டிக் வாளி கிடைக்கும். அந்த அனுபவம் ஆன்மாவுக்கும் பயன்படும் என்று கல்லூரி மன்றம் கண்டுகொண்டது.

கல்லூரியிலும் அப்படியொரு புள்ளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த நாளில் அவர் மேடையில் பேசியதை லோகேஸ்வரி முதலாண்டு மாணவியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

"இங்க யாரும் தனியா ஃபீல் பண்ணக்கூடாது. ஃபீல் பண்ணினா அது ரூல் பிரேக்கிங். ‘கூரா பெர்சொனாலிஸ்’னா ஒவ்வொரு ஆளையும் தனித்தனியா கவனிக்கிறது. அதனாலதான் ஆயிரத்து இருநூறு பேருக்கும் ஒரே ஃபார்ம் அடிச்சிருக்கோம். ‘மாகிஸ்’னா இன்னும் அதிகம். இந்த வருசம் ஐம்பது புள்ளி பாஸ். நீங்க ஐம்பது எடுத்துட்டா அடுத்த வருசம் அறுபது கேட்போம். அறுபது எடுத்தா எழுபது. அன்புக்கு லிமிட் இல்ல லா!"

கைதட்டல் அடங்கியதும் அவர் நான்காவது விதியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். தேர்ச்சிப் புள்ளிக்குக் கீழே உள்ள எவரும் கல்லூரிச் சான்றிதழை வாங்கவோ, வழங்கவோ, அதில் கையொப்பமிடவோ கூடாது. "மேல இருக்கிறவங்கள்லேர்ந்து கூட்டுறவங்க வரைக்கும், எல்லாருக்கும்! விதிவிலக்கே கிடையாது!" என்றார். முன்வரிசையில் வெள்ளை அங்கியுடன் உட்கார்ந்திருந்த ஒரே துறவி, எண்பத்தோரு வயது பாதர் சவரிமுத்து, மற்றவர்களைவிட நீண்ட நேரம் கைதட்டினார்.

புள்ளி சேரும் வழிகள் கைப்பேசிச் செயலியில் இருந்தன. வாசல் கதவில் அட்டையைத் தட்டி நுழைந்தால் புள்ளி. கல்லூரி இணையத்தில் கைப்பேசி இணைந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் புள்ளி. மாலை ஆறு மணிக்கு நடக்கும் ‘நம் இல்லம்’ கூட்டங்களுக்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய புள்ளி. நண்பகலில் மணி அடித்ததும் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். துறவிகள் நானூற்றுச் சொச்சம் ஆண்டுகளாகக் கண்ணை மூடிச் செய்துவந்த காரியம் அது. செயலியில் கண்ணைத் திறந்துகொண்டு செய்தால் போதும்.

"இன்று கடவுளை எங்கே கண்டீர்கள்?" என்று அது கேட்கும். நூலகம், கேன்டீன், விளையாட்டரங்கு, பிற என்று நான்கு பொத்தான்கள். லோகேஸ்வரி பொய் சொல்லி வளர்ந்தவள் அல்ல. காலையில் ரயிலை விட்டு இறங்கி முருகன் கோயிலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்திருந்தாள். ‘பிற’ என்பதை அழுத்தி அப்படியே எழுதினாள். "வளாகத்துக்கு வெளியே காணப்பட்ட கடவுளுக்குப் புள்ளி இல்லை. மீண்டும் முயலவும்" என்று பதில் வந்தது.

மாலைக் கூட்டங்களுக்கும் அவளால் இருக்க முடியவில்லை. ஐந்தே காலுக்குச் சென்ட்ரல் நிலையத்தில் கொம்யூட்டர் ரயிலைப் பிடித்தால்தான் விளக்கு வைக்குமுன் வீடு சேரலாம். அது நாகையா வீட்டு வழக்கம். விளக்கு வைக்குமுன் வீடு திரும்பும் பெண்ணைக் குற்றவாளியாக்க ஒரு கல்லூரி வேண்டியிருந்தது. அதுவும் நல்லவேளையாகக் கிடைத்துவிட்டது.

கேன்டீனில் ஹலீமா அக்கா அவளுக்கென்று ஒரு மீன் துண்டை எடுத்துவைப்பார். வாசற்காவலர் தன் மகளின் படத்தை அவளிடம் காட்டியிருக்கிறார். கணக்கியலில் திணறிய ஐந்து பேருக்கு மதிய இடைவேளையில் அவள்தான் பாடம் சொன்னாள். இவற்றுக்கெல்லாம் செயலியில் பொத்தான் இல்லை. மூன்றாம் ஆண்டு முடிவில் அவளுடைய புள்ளி முப்பத்தொன்று.

அவளிடம் கணக்கியல் கற்ற ஐந்து பேரில் ஒருவனான ரவாங் ஊர்க்காரன் தனேஷ் தொண்ணூற்றெட்டில் இருந்தான்.

"எப்படிடா?"

"பழைய போன் ஒண்ணு இருக்குல? அதுல ஆப்பை போட்டு, சார்ஜர் குத்தி, லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டேன். அது இருபத்துநாலு மணி நேரமும் காலேஜ்லதான் இருக்கு. நான் மத்தியானமே வீட்டுக்குப் போயிருவேன்."

"அப்ப காலேஜுக்குச் சொந்தம் நீ இல்ல, உன் போனு."

"அது நல்லா படிக்குது, விடு லா."

கடிதத்தை எடுத்துக்கொண்டு லோகேஸ்வரி அலுவலகத்துக்குப் போனாள். முகப்பில் இருந்த ரிஸ்வானா மூன்று மாத ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்.

"அக்கா, காய்ச்சல் நாள விட்டா நான் மூணு வருசமா தினம் வரேன். ஒரு நாள்கூட கிளாஸ் கட் அடிச்சதில்ல."

"வரது வேற, சேர்றது வேறம்மா. நீ வந்திருக்க. ஆனா சேரல. சனிக்கிழமை மீட்பு வகுப்புக்கு வா. அஞ்சு புள்ளி வரைக்கும் ஏத்தலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னைக் கேட்டா எனக்கே இங்க ஜூன் வரைக்கும்தான் சொந்தம்," என்றார்.

சனிக்கிழமை காலை மீட்பு வகுப்புக்கு இரண்டே மாணவர்கள் வந்திருந்தார்கள். ஒருத்தி லோகேஸ்வரி. மற்றவர் பாதர் சவரிமுத்து.

"பாதர், நீங்களா?"

"பதினாலு புள்ளிம்மா." அவர் செப நூலுக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார். அவருக்கும் அதே கடிதம்தான்: நீங்கள் இக்கல்லூரியைச் சேர்ந்தவர் என்பது ஐயத்துக்கு உரியது. "மேல் மாடியிலதான் முப்பத்தொம்பது வருசமா இருக்கேன். உள்ளேயே இருக்கிறவன் எங்க உள்ள வர்றது? மருந்து வாங்கப் போனாக்கூட கேன்டீன் பின்கதவு வழியா போயிட்டு வந்திருவேன். நான் ஒரு தடவைகூட காலேஜுக்குள்ள நுழையலன்னு மெஷின் சொல்லுது. டீ ஷர்ட் வாங்கிக்கிட்டதுக்குத்தான் அந்தப் பதினாலும்."

"நீங்க வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே?"

"கீழ்ப்படியிறேன்னு வார்த்தைப்பாடு கொடுத்தவன்மா நான். வரச் சொன்னாங்க, வந்துட்டேன்."

ரிஸ்வானா கையேட்டைப் பார்த்துப் பயிற்சியைத் தொடங்கினார். முதலில் அறிமுகம். பெயரும் ஊரும் சொல்ல வேண்டும்.

"சவரிமுத்து. இங்கதான்."

"இங்கன்னா எங்க, பாதர்?"

"இந்த வகுப்புக்கு மேல ரெண்டு மாடி."

அதற்குக் கையேட்டில் கட்டம் இல்லாததால் ரிஸ்வானா ‘வெளியூர்’ என்று குறித்துக்கொண்டார். அடுத்து நம்பிக்கைப் பயிற்சி. ஒருவர் கண்ணை மூடிப் பின்னால் சாய, மற்றவர் தாங்க வேண்டும். பாதர் லோகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குக் கடவுள்மேல நம்பிக்கை இருக்கு, உன்மேலயும் இருக்கு. இடுப்புமேலதான் இல்ல," என்றார். சாயாததற்கு ஒரு புள்ளி குறைக்க வேண்டும். அவர் வந்ததற்கு ஒரு புள்ளி கூட்ட வேண்டும். பதினாலு பதினாலாகவே நின்றது. அவரை ஒற்றைக் கையால் தாங்கி நாற்காலியில் உட்காரவைத்த லோகேஸ்வரிக்கு, பயிற்சி முழுமை பெறாததால், வந்ததற்கான புள்ளி கழிந்து முப்பத்தொன்றே நின்றது. வகுப்பு முடிந்ததும் அவள் பாதருக்கு வாசல் அட்டை வாங்கிக் கொடுத்து, அதை எப்படித் தட்டுவது என்று காட்டினாள். அவர் அதையும் செப நூலுக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் விமலனே அவளை அழைத்தார்.

"லோகேஸ், உனக்காக நான் ஃபைட் பண்ணியிருக்கேன். சொந்த உணர்வு நாளுக்கு வெளிநாட்டுலேர்ந்து கெஸ்ட் வராங்க. நீ மேடையில ஒரு சாட்சியம் படி. அஞ்சு நிமிசம். நாப்பது புள்ளி. எழுபத்தொண்ணு ஆயிரும். ஸ்கிரிப்ட் நானே எழுதிட்டேன்."

இரண்டு பக்கத் தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அன்று மாலை சமையலறையில் அம்மா லெட்சுமி தேங்காய் துருவிக்கொண்டிருக்க, லோகேஸ்வரி மெல்லப் படித்துப் பார்த்தாள்.

"நான் ஒரு லோரி ஓட்டுநரின் மகள். எங்கள் வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளில்லை. அன்பு என்றால் என்னவென்று தெரியாத இருண்ட சூழலிலிருந்து வந்தேன். மொந்தேரோதான் எனக்குக் குடும்பம் தந்தது..."

முன்கூடத்தில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. நாகையா வாசற்படியில் வந்து நின்றார்.

"அதை இன்னொருக்க படி."

அவள் படித்தாள்.

"யாரு எழுதுனா?"

லோகேஸ்வரி பையின் அடியிலிருந்து கடிதத்தை எடுத்தாள். நான்கு மடிப்பையும் பிரித்து அவரிடம் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். நாகையா கத்தவில்லை. "காலைல வெள்ளைச் சட்டைய அயர்ன் பண்ணி வை, லெட்சுமி," என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டில் வெள்ளைச் சட்டை கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் வெளியே வரும். இது எதில் சேர்த்தி என்று லெட்சுமி கேட்கவில்லை.

மறுநாள் விமலன் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க அங்கிள், உக்காருங்க. பேரன்ட்ஸ் வந்தா எங்களுக்கு ரொம்ப சந்தோசம். அதுக்குத் தனிப் புள்ளியும் இருக்கு."

நாகையா உட்காரவில்லை. "எங்க வீடு இருண்ட வீடுன்னு எழுதியிருக்கீங்களே தம்பி, எப்ப வந்து பாத்தீங்க?"

"அங்கிள், அது பர்சனலா எடுத்துக்காதீங்க. ஒரு ஜர்னி காட்டணும்ல? ஸ்டார்ட்டிங் எவ்வளவு கீழ இருக்கோ, அவ்வளவு காலேஜுக்கு நல்லது. போன வருசம் ஒரு டாக்டர் மகனைப் பேச வச்சோம். கெஸ்ட் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல."

"அழ வைக்க என் வீடுதான் கெடைச்சுதா?"

"அப்படி இல்ல அங்கிள். நாங்களும் அவளுக்குக் குடும்பம்தான்."

"ரொம்ப நல்லது. போன மாசம் அவளுக்கு நாலு நாள் காய்ச்சல். குடும்பத்துலேர்ந்து யாரு வந்தீங்க?"

விமலன் கணினியில் தேடினார். முகம் மலர்ந்தது. "அனுப்பியிருக்கோம் அங்கிள்! நாலு நாளும், காலை எட்டு மணிக்கு, சிஸ்டமே ஆட்டோமேட்டிக்கா ஒரு சோக மூஞ்சி அனுப்பியிருக்கு!"

நாகையா மகளைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயைத் திறக்குமுன் லோகேஸ்வரி அந்த இரண்டு பக்கத் தாளை மேசைமேல் வைத்தாள்.

"நான் படிக்கமாட்டேன் சார்."

"படிக்கலன்னா பட்டம் இல்லம்மா. யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன். ஒரு அங்கிக்காக எங்கப்பாவை மேடையில வச்சு அழுக்காக்க முடியாது."

இருவரும் படி இறங்கினார்கள். ரயில் ஷா ஆலம் நிலையம் தாண்டும்வரை நாகையா கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு, "ஆணி அங்கேயே இருக்கட்டும். யாராச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றார். என்ன பதில் சொல்லப்போகிறார் என்பது அவருக்கே தெரியாது என்று லோகேஸ்வரிக்குத் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பட்டமளிப்புக்கு இரண்டு நாள் இருந்தது. முந்நூற்றுப் பதினொரு சான்றிதழ்கள் அச்சாகி வந்துவிட்டன. விமலன் அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, மின்தூக்கி நின்றுவிட்டபடியால் ஆட்களை வைத்துத் தூக்கச் செய்து, மேல் மாடிக்குப் போனார். கல்லூரியில் தங்கியிருக்கும் சேசு சபைத் துறவி ஒருவர் கையொப்பமிட்டால்தான் சான்றிதழ் செல்லும் என்பது கல்லூரியை நிறுவிய பாதர் மொந்தேரோ காலத்துச் சட்டம். ஆண்டுதோறும் பாதர் சவரிமுத்துதான் போட்டுத் தருவார். ஒரு காலைப்பொழுது வேலை.

இந்த ஆண்டு அவர் பேனாவைத் தொடவில்லை.

"என் மார்க்கு பதினாலு, தம்பி."

"பரவாயில்ல பாதர், அதையெல்லாம் யாரும் பாக்கப்போறதில்ல."

"நாலாவது விதி. கீழ இருக்கிறவன் கையெழுத்துப் போடக்கூடாது."

"அது மத்தவங்களுக்கு பாதர்!"

"எல்லாருக்கும்னு நீங்கதானே மேடையில சொன்னீங்க? நான் கைகூடத் தட்டினேனே."

விமலன் கைப்பேசியை எடுத்தார். "சரி, நான் இப்பவே உங்களுக்கு எழுபது போட்டுடறேன். ஒரு நிமிசம்."

"பொய் மார்க்கு வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா? அப்புறம் நான் யார்கிட்ட போய்ப் பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றது? இங்க வேற சாமியாரும் இல்லையே."

"பாதர், நீங்கதான் இந்தக் காலேஜே!"

"அப்படி நீங்க எழுதலையே. ஐயத்துக்கு உரியதுன்னுல்ல எழுதியிருக்கீங்க?" பாதர் கடிதத்தை எடுத்துக் காட்டினார். அவர் முகத்தில் கேலி ஒன்றும் இல்லை. கீழ்ப்படிவதில் அறுபது ஆண்டு பழக்கமுள்ள மனிதரின் முகம் அது. விமலனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

வேறொரு துறவியைக் கொண்டுவரலாம் என்றார் மன்ற உறுப்பினர் ஒருவர். அவர் ஓராண்டாவது இங்கே தங்கியிருக்க வேண்டும். விதியை நீக்கிவிடலாம் என்றார் இன்னொருவர். அந்த விதிக்காகத்தான் போன ஆண்டு கல்லூரிக்கு ஒரு கேடயம் கிடைத்திருந்தது. மன்றம் நான்கு மணி நேரம் கூடிப் பேசி, மூன்று தட்டுக் கறிபப் பலகாரத்தைத் தின்று தீர்த்தபின், கணக்குத் தெரிந்த ஓர் உறுப்பினர் மிச்சமிருந்த ஒரே வழியைச் சொன்னார். பாதரின் புள்ளியை ஏற்ற முடியாது. தேர்ச்சிப் புள்ளியை இறக்கலாம்.

மறுநாள் காலை விமலன் ஒலிபெருக்கியில் பேசினார். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

"‘மாகிஸ்’னா இன்னும் அதிகம்! இன்னும் அதிகமான பேரை அணைச்சுக்கணும்னு மொந்தேரோ முடிவெடுத்திருக்கு. எழுபதுலேர்ந்து பதினாலுக்கு வந்திருக்கோம். அன்பு அஞ்சு மடங்கு கூடியிருக்கு! இருபத்தெட்டுக்கு மேல எடுத்தவங்களுக்குச் சிறப்புத் தேர்ச்சி!"

பாதர் சவரிமுத்து புதிய சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். பதினாலு, பதினாலு. பேனாவைத் திறந்தார். தள்ளுவண்டியில் இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்கள் இருந்தன. கடைசியாக அச்சான தாளில் மை இன்னும் சரியாகக் காயவில்லை. லோகேஸ்வரி அ/பெ நாகையா, அதாவது நாகையாவின் மகள், என்று அதில் இருந்தது.

விழாவில் அவளுக்கு இரண்டு சான்றிதழ்கள் கிடைத்தன. ஒன்று வணிக நிர்வாகப் பட்டம். மற்றது, முப்பத்தொரு புள்ளி பெற்றுச் சொந்த உணர்வில் சிறப்புத் தேர்ச்சி அடைந்தமைக்கு, கண்ணாடிச் சட்டம் போட்டு, தங்க எழுத்தில். அந்தப் பிரிவின் தங்கப் பதக்கம் தனேஷுக்கு. அவனுக்குச் செய்தி சொல்ல அலுவலகம் பதினேழு முறை அழைத்தது. லாக்கருக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேடையில் அவன் பெயரை மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதக்கத்தைத் தபாலில் அனுப்ப முடிவு செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் விருந்து. நாகையா தாமே ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாதரை அழைத்துவந்தார். வாழையிலை போட்டு, ஆட்டுக்கறிப் பிரட்டலும் ரசமும் பரிமாறி, அவர் போதும் என்ற பிறகும் லெட்சுமி இரண்டு முறை சோறு வைத்தாள். சாப்பாடு முடிந்ததும் அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்க்க, அங்கி போட்ட படத்தை நாகையா ஆணியில் மாட்டினார். ஓரடி பின்னால் வந்து பார்த்தார். இடது ஓரத்தை ஒரு நூல் தூக்கிவிட்டார்.

தங்க எழுத்துச் சட்டம் நாற்காலியில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"நான் அந்தக் காலேஜுக்குச் சொந்தம்னு சர்டிபிகேட்டுப்பா."

நாகையா அதைக் கவிழ்த்து அவள் கையில் கொடுத்தார். "பொட்டியில வை. ஒத்த ஆணிதான் அடிச்சிருக்கேன்."

மாலையில் பாதர் பிரிக்பீல்ட்ஸ் திரும்பினார். ஞாயிறென்பதால் கேன்டீன் பின்கதவு பூட்டியிருந்தது. சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். செப நூலைத் திறந்து, லோகேஸ்வரி காட்டிக்கொடுத்த மாதிரியே அட்டையைத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு கதவு முதன்முறையாக அவரோடு பேசியது:

"மொந்தேரோவுக்கு வருக, புதியவரே. இங்கே உங்களுக்கு ஏதேனும் அந்நியமாகத் தோன்றினால் ஒன்றாம் எண்ணை அழுத்தவும்."

பாதர் அந்தக் கட்டடத்தை மேல் மாடிவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு, அழுத்தச் சொன்னதை அழுத்தினார்.